தூர தேசத்து அழைப்பாளர்கள் கற்றுத் தரும் கட்டுப்பாடு

 

 கட்டுப்படுதல் என்பதை அரபு மொழியில் 'இதாஅத்' என்று கூறுவோம். நம் மஹல்லாக்களில் இச்சொல் அதிகமாகக் காதில் விழுவது ஒருவரைப் பற்றி மற்றவர் குறை சொல்லும் நேரத்தில்தான். இமாம் கட்டுப்படுவதில்லை என நிர்வாகிகள் வருந்துகின்றனர். நிர்வாகிகள் மார்க்கத்திற்குக் கட்டுப்படுவதில்லை என இமாம்கள் வருந்துகின்றனர். இளைஞர்களைப் பெரியவர்களும், பெரியவர்களை இளைஞர்களும் இவ்வாறே குறை கூறுகின்றனர். ஆக, கட்டுப்பாடு என்பது நாம் பிறரிடம் எதிர்பார்க்கும் ஒன்றாகி, நம்மிடம் இருக்க வேண்டிய ஒன்று என்ற நினைவு மங்கி வருகிறது.

உண்மையான இதாஅத் எப்படியிருந்தது என்பதை அறிய, மார்க்கத்திற்காகத் தம் ஊரை விட்டுத் தூர தேசம் சென்ற ஸஹாபாக்களின் வரலாற்றை நாம் புரட்டிப் பார்க்க வேண்டும். மதீனாவில் இருந்தவர்களுக்கு ஐயம் எழுந்தால் அண்ணலாரின் வாசலுக்கு நடந்து சென்று கேட்டுக் கொள்ளலாம். தவறு நேர்ந்தால் அன்றே திருத்தப்படுவார்கள். கடலுக்கு அப்பாலும் பல வாரப் பயணத் தொலைவிலும் இருந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களைக் கண்காணிப்பாரும் இல்லை. அத்தகைய நிலையில் அவர்கள் எவ்வாறு நடந்து கொண்டார்கள் என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

அபிசீனியாவில் காத்திருந்தவர்கள்

நுபுவ்வத்தின் 5ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 615இல், மக்கத்துக் குறைஷிகளின் கொடுமை தாங்க முடியாத அளவுக்குப் பெருகியபோது, அண்ணலார் (ஸல்) அவர்கள் தம் தோழர்களை அபிசீனியாவுக்குச் செல்லுமாறு பணித்தார்கள். அங்கே நீதி தவறாத கிறித்தவ மன்னர் நஜாஷி ஆட்சி புரிந்து வந்தார். முதலில் ஒரு சிறு குழுவும், பின்னர் 80க்கும் மேற்பட்ட ஆண்கள் அடங்கிய பெருங்குழுவும் செங்கடலைக் கடந்தன. அவர்களின் சார்பில் பேசும் பொறுப்பு ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்களுக்கு வாய்த்தது.

குறைஷிகள் விடவில்லை. அம்ர் இப்னுல் ஆஸ் அவர்களையும் (அப்போது அவர் இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை) அப்துல்லாஹ் இப்னு அபீரபீஆவையும் காணிக்கைப் பொருட்களுடன் நஜாஷியிடம் அனுப்பினார்கள். ஈஸா (அலை) அவர்களைப் பற்றி முஸ்லிம்கள் தகாதது கூறுகிறார்கள் என்று அவர்கள் மன்னரிடம் மூட்டிவிட்டார்கள். மறுநாள் அவையில் பதில் சொல்ல வேண்டும். அன்றிரவு அவர்கள் பட்ட கவலையை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் பிற்காலத்தில் எடுத்துரைத்துள்ளார்கள். அடைக்கலம் தந்த மன்னரின் மனம் கோணினால் கதி என்ன? மன்னருக்கு இதமாக ஏதேனும் மாற்றிச் சொல்லியிருந்தால் மக்காவில் இருந்த அண்ணலாருக்கு அது எட்டப் பல மாதங்கள் ஆகியிருக்கும். ஆயினும் அவர்கள் கலந்தாலோசித்து, எது நேர்ந்தாலும் அல்லாஹ்வும் அவன் தூதரும் கற்றுத் தந்ததையே சொல்வது என்று ஒருமனதாக முடிவெடுத்தார்கள். ஜஃபர் (ரலி) அவர்கள் ஈஸா நபியைப் பற்றி இஸ்லாம் கூறுவதை அப்படியே எடுத்துரைத்தார்கள். மர்யம் அத்தியாயத்தின் தொடக்க வசனங்களைக் கேட்டு மன்னர் முன்னரே கண்ணீர் விட்டிருந்தார். இப்போது குறைஷிகளின் காணிக்கைகளையும் திருப்பிக் கொடுத்து விட்டார்.

பலரும் அறிந்த நிகழ்ச்சி இது. இதற்குப் பின் நடந்தது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. கி.பி. 622இல் ஹிஜ்ரத் நடந்தேறியது. மதீனாவில் இஸ்லாமிய ஆட்சி மலர்ந்தது. பத்ரும் உஹதும் அகழ்ப்போரும் நிகழ்ந்தன. அபிசீனியாவிலிருந்து சிலர் இடையிலேயே திரும்பினார்கள். ஆனால் ஜஃபர் (ரலி) அவர்களும் அவர்களுடன் இருந்தோரும் அங்கேயே தங்கியிருந்தார்கள். யமனிலிருந்து அண்ணலாரைக் காணப் புறப்பட்ட அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களையும் அவர்களின் கூட்டத்தார் ஐம்பதுக்கும் மேற்பட்டோரையும் ஏற்றி வந்த கப்பல் அபிசீனியக் கரையில் ஒதுங்கியது. அப்போது ஜஃபர் (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் தூதர் எங்களை இங்கே அனுப்பி இங்கேயே தங்கும்படி பணித்துள்ளார்கள், நீங்களும் எங்களுடன் தங்குங்கள் என்று கூறினார்கள். அழைப்பு வரும் வரை இரு சாராரும் அங்கேயே இருந்தார்கள். இச்செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது.

ஹிஜ்ரி 7இல், கி.பி. 628இல், கைபர் வெற்றியின்போது அவர்கள் வந்து சேர்ந்தார்கள். இடையில் சென்ற ஆண்டுகள் ஏறத்தாழ 13. ஜஃபர் (ரலி) அவர்களின் பிள்ளைகள் அந்நிய மண்ணிலேயே பிறந்து வளர்ந்தார்கள். போர்க்களத்தில் வாளேந்துவது மட்டுமே கட்டுப்படுதல் அன்று. பெரிய நிகழ்ச்சிகள் எல்லாம் வேறிடத்தில் நடந்து கொண்டிருக்க, நமக்கென்று விதிக்கப்பட்ட இடத்தில் நிலைத்திருப்பதும் கட்டுப்படுதலே.

அந்தப் பொறுமைக்கு அங்கீகாரம் கிடைத்த விதமும் கவனிக்கத்தக்கது. ஜஃபர் (ரலி) அவர்களின் துணைவியார் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களிடம் உமர் (ரலி) அவர்கள், ஹிஜ்ரத்தில் நாங்கள் உங்களை முந்தி விட்டோம், ஆகவே அண்ணலாரிடம் எங்களுக்கே அதிக உரிமை என்ற கருத்தில் பேசினார்கள். அந்த அம்மையார் அதைக் கேட்டு வாய்மூடி இருந்துவிடவில்லை. நீங்கள் அண்ணலாரின் அருகில் இருந்தீர்கள், உங்களில் பசித்தவருக்கு அவர்கள் உணவளித்தார்கள், அறியாதவருக்கு உபதேசித்தார்கள், நாங்களோ தொலைதூரத்து அந்நிய மண்ணில் அச்சத்தோடும் துன்பத்தோடும் இருந்தோம், அதுவும் அல்லாஹ்வுக்காகவும் அவன் தூதருக்காகவுமே என்று பதிலுரைத்து, விஷயத்தை அண்ணலாரிடமே கொண்டு சென்றார்கள். உமருக்கும் அவர் தோழர்களுக்கும் ஒரு ஹிஜ்ரத், கப்பலில் வந்த உங்களுக்கோ இரண்டு ஹிஜ்ரத் என்று அண்ணலார் தீர்ப்புரைத்தார்கள். பதின்மூன்று ஆண்டுகள் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்த அதே பெண்மணிதான் தம் நியாயத்தைத் துணிந்து கேட்டார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

யத்ரிபில் ஒரே ஓர் ஆசிரியர்

கி.பி. 621இல் ஹஜ்ஜுக் காலத்தில் யத்ரிப் நகரத்தார் 12 பேர் அகபா எனும் இடத்தில் அண்ணலாரிடம் பைஅத் செய்தார்கள். அவர்களுக்குக் குர்ஆனைக் கற்றுக் கொடுக்க முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்கள் அனுப்பப்பட்டார்கள். மக்காவின் செல்வக் குடும்பத்தில் சுகமாக வளர்ந்தவர், இஸ்லாத்தை ஏற்றதற்காகத் தம் வீட்டிலேயே அடைத்து வைக்கப்பட்டவர், அபிசீனியாவையும் பார்த்தவர். யத்ரிபில் அஸ்அத் இப்னு ஸுராரா (ரலி) அவர்களின் இல்லத்தில் தங்கிப் பணியாற்றினார்கள்.

யத்ரிபில் அவ்ஸ், கஸ்ரஜ் எனும் இரு கோத்திரத்தாருக்கும் இடையே நெடுநாள் பகை இருந்தது. இஸ்லாத்தைத் தழுவிய பின்னரும், ஒரு கோத்திரத்தார் இமாமாக நிற்பதை மற்ற கோத்திரத்தார் விரும்பவில்லை. ஆகவே இரு சாராருக்கும் வெளியாரான முஸ்அப் (ரலி) அவர்களே தொழுகை நடத்தினார்கள் என்று வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். இமாமத் விஷயத்தில் மனத்தாங்கல் என்பது நம் காலத்தில் தோன்றிய நோய் அல்ல. முஸ்அப் (ரலி) அவர்கள் எந்தப் பக்கமும் சாயவில்லை. தம் பொறுப்பைப் பயன்படுத்தித் தமக்கென்று ஒரு கூட்டத்தைச் சேர்க்கவும் இல்லை.

உஸைத் இப்னு ஹுளைர் அவர்கள் ஈட்டியுடன் வந்து மிரட்டியபோது, சற்று அமர்ந்து கேளுங்கள், பிடித்தால் ஏற்றுக் கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் நாங்கள் நிறுத்திக் கொள்கிறோம் என்று முஸ்அப் (ரலி) அவர்கள் பணிவுடன் வேண்டினார்கள். உஸைத் இஸ்லாத்தை ஏற்றார்கள். அவர்களைத் தொடர்ந்து ஸஅத் இப்னு முஆதும், அவர்கள் வழியாக பனூ அப்துல் அஷ்ஹல் குலத்தாரும் ஏற்றார்கள். அடுத்த ஆண்டு ஹஜ்ஜில் 73 ஆண்களும் 2 பெண்களும் அகபாவில் பைஅத் செய்தார்கள். இத்தனைக்கும் காரணமாக இருந்த முஸ்அப் (ரலி) அவர்கள், ஹிஜ்ரத்துக்குப் பின் அண்ணலார் மதீனா வந்ததும், தலைவராக அல்லாமல் சாதாரணத் தொண்டராகவே வாழ்ந்தார்கள். ஹிஜ்ரி 3இல் உஹதுப் போரில் கொடியேந்திய நிலையில் ஷஹீதானார்கள். கஃபனிட இருந்த துணி தலையை மூடினால் காலுக்கு எட்டவில்லை. கால்களை இத்கிர் புல்லால் மூடி அடக்கம் செய்தார்கள். ஓர் ஊரையே இஸ்லாத்தின்பால் திருப்பியவர் அவ்வூரிலிருந்து தமக்கென்று எதையும் சேர்த்துக் கொள்ளவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

யமனுக்குச் சென்ற இருவர்

ஹஜ்ஜத்துல் விதாவுக்கு முன்னர், அண்ணலார் (ஸல்) அவர்கள் முஆத் இப்னு ஜபல் (ரலி), அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) ஆகிய இருவரையும் யமனுக்கு அனுப்பி, ஆளுக்கொரு பகுதியைப் பொறுப்பளித்தார்கள். முஆத் மதீனத்து அன்ஸாரி. ஏறத்தாழ முப்பது வயது இளைஞர். அபூமூஸாவோ யமனிலேயே பிறந்தவர். ஒருவருக்கு ஊர் புதிது. மற்றவருக்குச் சொந்த மண். இவ்விருவரில் யார் பெரியவர் என்ற கேள்வி எழ எல்லா வாய்ப்பும் இருந்தது.

அப்போது அண்ணலார் செய்த உபதேசத்தில் மூன்று செய்திகள் இருந்தன. மக்களுக்கு எளிதாக்குங்கள், சிரமப்படுத்தாதீர்கள் என்பது ஒன்று. நற்செய்தி கூறுங்கள், வெறுப்பூட்டி விரட்டாதீர்கள் என்பது இரண்டாவது. நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் கட்டுப்பட்டு நடந்து கொள்ளுங்கள், கருத்து வேறுபாடு கொண்டு பிரிந்துவிடாதீர்கள் என்பது மூன்றாவது. முதல் இரண்டையும் நாம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். மூன்றாவது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. அரபு மூலத்தில் அதற்கு வந்துள்ள சொல் 'ததாவஆ' என்பது. 'இதாஅத்' பிறந்த அதே வேர்ச்சொல்லில் பிறந்தது இது. ஒருவர் ஏவ மற்றவர் பணிவது என்பது இதன் பொருளன்று. இருவரும் பரஸ்பரம் இணங்கிப் போவதே இதன் பொருள். அண்ணலார் நினைத்திருந்தால் ஒருவரை அமீராகவும் மற்றவரை அவருக்குக் கீழும் நியமித்திருக்கலாம். ஆயினும் இருவரையும் ஒருவருக்கொருவர் கட்டுப்படச் செய்தார்கள்.

எளிதாக்குங்கள் என்ற உபதேசம் முஆத் (ரலி) அவர்களுக்குக் கிடைத்ததிலும் பொருளிருக்கிறது. முன்னொரு சமயம் அவர்கள் தம் கூட்டத்தாருக்கு இஷாத் தொழுகையில் பகரா அத்தியாயத்தை ஓதினார்கள். பகலெல்லாம் ஒட்டகம் கொண்டு நீரிறைத்துக் களைத்த ஒருவர் தனியே தொழுது சென்றுவிட்டார். செய்தி அறிந்த அண்ணலார், மக்களைச் சோதனையில் ஆழ்த்துகிறீரா என மும்முறை கேட்டுக் கண்டித்து, சிறிய அத்தியாயங்களை ஓதும்படி பணித்தார்கள். கண்டிக்கப்பட்ட அவரே பின்னர் ஒரு நாட்டுக்கே ஆசிரியராக அனுப்பப்பட்டார். திருத்தத்தை மனமுவந்து ஏற்றவரிடமே பொறுப்பு ஒப்படைக்கப்படுகிறது.

யமனில் இருவரும் எவ்வாறு பழகினார்கள்? தம் பகுதியில் சுற்றி வரும்போது மற்றவரின் எல்லையை நெருங்கினால், சென்று ஸலாம் சொல்லிச் சந்தித்துத் திரும்புவார்கள். அத்தகைய ஒரு சந்திப்பில், குர்ஆனை எவ்வாறு ஓதுகிறீர்கள் என்று ஒருவரையொருவர் விசாரித்துக் கொண்டார்கள். நின்றும் அமர்ந்தும் வாகனத்தின் மீதும் சிறிது சிறிதாக எப்போதும் ஓதி வருவதாக அபூமூஸா (ரலி) கூறினார்கள். முன்னிரவில் உறங்கிப் பின்னிரவில் எழுந்து ஓதுவதாகவும், வணக்கத்திற்கு எதிர்பார்க்கும் நன்மையை உறக்கத்திற்கும் எதிர்பார்ப்பதாகவும் முஆத் (ரலி) கூறினார்கள். இருவர் வழியும் வேறு வேறு. ஒருவர் வழியை மற்றவர் குறை கூறவில்லை. ஒரு கிளை விஷயத்தில் கருத்து மாறியதும் ஸலாம் கூறுவதையே நிறுத்திவிடும் நம் போக்கை இத்துடன் ஒப்பிட்டுப் பார்த்தால் வெட்கமே மிஞ்சும்.

சொன்னதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை

ஜகாத் விஷயத்தில் முஆத் (ரலி) அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை தெளிவானது. யமன் செல்வந்தர்களிடம் பெற்று அங்குள்ள ஏழைகளுக்கே வழங்க வேண்டும். மக்களின் பொருட்களில் மிகச் சிறந்தவற்றைப் பொறுக்கி எடுக்கக் கூடாது. அநீதிக்குள்ளானவரின் பிரார்த்தனையை அஞ்ச வேண்டும். ஏனெனில் அதற்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு செய்தி உண்டு. முஆத் (ரலி) அவர்கள் 30 மாடுகளுக்கு ஓராண்டுக் கன்று ஒன்றும், 40 மாடுகளுக்கு இரண்டாண்டு நிறைந்த பசு ஒன்றும் ஜகாத்தாகப் பெற்றார்கள். முப்பதுக்குக் குறைவான மாடுகளுக்காகக் கொண்டு வரப்பட்டதைப் பெற மறுத்துவிட்டார்கள். இதைப் பற்றி அண்ணலாரிடமிருந்து எதையும் தாம் கேட்டதில்லை என்றும், அவர்களைச் சந்தித்துக் கேட்ட பின்னரே முடிவு செய்ய முடியும் என்றும் கூறினார்கள். அவர்கள் மதீனா திரும்புவதற்கு முன்பே அண்ணலார் (ஸல்) அவர்கள் மறைந்துவிட்டார்கள். மக்கள் தாமே முன்வந்து கொடுப்பதைக்கூட, உத்தரவு இல்லை என்பதற்காக வாங்க மறுத்த அமானிதம் இது.

அதே முஆத் (ரலி) அவர்கள், பார்லிக்கும் சோளத்துக்கும் பகரமாக நெய்த துணிகளைத் தருமாறு யமன் மக்களிடம் கேட்டார்கள் என்றும், அது உங்களுக்கு எளிது, மதீனத்து ஸஹாபாக்களுக்கும் பயன் மிக்கது என்று காரணம் கூறினார்கள் என்றும் இமாம் புகாரி (ரஹ்) ஜகாத் பாடத்தில் குறிப்பிடுகிறார்கள். ஹனஃபி இமாம்கள் இதை ஜகாத்தைப் பொருளின் மதிப்பாகக் கொடுப்பதற்கு ஆதாரமாகக் கொள்கின்றனர். ஷாஃபிஈ இமாம்கள் இதற்கு வேறு விளக்கம் தருகின்றனர். அந்த ஆய்வு இங்கு நம் நோக்கமன்று. உத்தரவில்லாத கன்றை மறுத்தவரே, மக்களுக்கு எளிதாகும் வழியையும் தேடினார். தூர தேசத்தில் கட்டளையை நிறைவேற்றுபவருக்கு இவ்விரண்டும் வேண்டும். சொல்லப்படாததை மக்கள் மீது சுமத்தவும் கூடாது. சொல்லப்பட்டதன் நோக்கத்தை மறந்து இறுகிப் போகவும் கூடாது.

விடைபெறும் நாளில் முஆத் (ரலி) வாகனத்தில் அமர்ந்திருக்க, அண்ணலார் உடன் நடந்து வந்து வழியனுப்பினார்கள். இவ்வாண்டுக்குப் பின் என்னை நீர் சந்திக்காமல் போகலாம் என்று கூறவே, முஆத் (ரலி) அழுதுவிட்டார்கள். ஆயினும் பயணத்தை நிறுத்தவில்லை. அதுவே இறுதிச் சந்திப்பாயிற்று. பின்னர் ஷாம் நாட்டில் மார்க்கம் போதித்து வந்த நிலையில், ஹிஜ்ரி 18இல் அம்வாஸ் கொள்ளை நோயில் முஆத் (ரலி) அவர்கள் மறைந்தார்கள்.

கட்டுப்படுதலின் எல்லை

இவ்வளவையும் படித்துவிட்டு, பொறுப்பில் இருப்பவர் எதைச் சொன்னாலும் தலையாட்ட வேண்டும் என எவரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அண்ணலார் ஒரு படைப்பிரிவை அனுப்பி, அதன் அமீருக்குக் கட்டுப்படுமாறு பணித்தார்கள். வழியில் ஏதோ காரணத்தால் அந்த அமீர் சினமுற்றார். விறகு சேர்த்துத் தீ மூட்டச் சொல்லி, அதில் குதிக்குமாறு கட்டளையிட்டார். சிலர் குதிக்கவும் எண்ணினர். மற்றவர்களோ, நரக நெருப்புக்கு அஞ்சித்தானே நாம் நபியிடம் ஓடி வந்தோம் என்று தடுத்தனர். அதற்குள் தீயும் அணைந்தது. அமீரின் கோபமும் தணிந்தது. இதைக் கேள்வியுற்ற அண்ணலார், அவர்கள் அதில் புகுந்திருந்தால் ஒருபோதும் வெளியேறியிருக்க மாட்டார்கள் என்றும், கட்டுப்படுதல் நல்ல காரியத்தில் மட்டுமே என்றும் தெளிவுபடுத்தினார்கள்.

அன்ஸாரிகள் செய்த பைஅத்தை உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். விருப்பிலும் வெறுப்பிலும் செவியேற்றுக் கட்டுப்படுவது, பொறுப்பாளர்களுடன் பொறுப்புக்காகப் போட்டியிடாமல் இருப்பது ஆகியவற்றோடு, எங்கிருந்தாலும் பழிப்போரின் பழிச்சொல்லுக்கு அஞ்சாமல் உண்மையைப் பேசுவது என்பதும் அதே உறுதிமொழியில் அடங்கியிருந்தது. கட்டுப்படுதலும் உண்மை பேசுதலும் ஒரே பைஅத்தின் இரு பகுதிகள். ஒன்றைப் பிடித்து மற்றதை விட்டவர் பைஅத்தைப் பாதியாக்கியவர் ஆவார்.

நம் ஜமாஅத்துக்குரிய பாடம்

தமிழ்நாட்டு முஸ்லிம்களுக்கும் கடல் கடந்த பள்ளிவாசல் பணிக்கும் உள்ள தொடர்பு நெடுங்காலத்தது. பினாங்கில் 1801இல் உருவான கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் 1820களில் சூலியர்கள் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசலும் அதற்குச் சாட்சி. இன்றும் நம் ஆலிம்கள் வெளிநாடுகளில் இமாமாகப் பணிபுரிகின்றனர். நம் மஹல்லாப் பிள்ளைகள் பிழைப்புக்காக வளைகுடா நாடுகளில் இருக்கின்றனர். தந்தையின் கண்ணும் ஜமாஅத்தின் கண்ணும் எட்டாத ஊரில் தொழுகையையும் ஹலாலான சம்பாத்தியத்தையும் காத்துக் கொள்ளும் ஒவ்வோர் இளைஞரும் ஜஃபர் (ரலி), முஆத் (ரலி) ஆகியோரின் வழியில் நடப்பவரே.

ஊரில் இருக்கும் நமக்கும் கடமை உண்டு. இமாமும் நிர்வாகமும் யமன் சென்ற இருவரைப் போன்றவர்கள். ஒருவருக்கு மார்க்கப் பொறுப்பு, மற்றவருக்கு நிர்வாகப் பொறுப்பு. இருவரில் யார் பெரியவர் என்று கேட்கத் தொடங்கினால் பள்ளிவாசல் இரண்டாகும். மஷூராவில் மாற்றுக் கருத்தைத் தாராளமாகச் சொல்லலாம்; சொல்லவும் வேண்டும். மார்க்கத்திற்கு முரணில்லாத ஒரு முடிவு எடுக்கப்பட்ட பின், அதை எதிர்த்துப் பேசியவரும் தோள் கொடுக்க வேண்டும். மார்க்கத்திற்கு முரணானது எனில், அதை அஞ்சாமலும் அதபுடனும் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். தெருமுனையில் சொல்லிப் பயனில்லை. மஸ்அலாக்களில் மத்ஹபு இமாம்களிடையே உள்ள வேறுபாட்டைக் காரணம் காட்டி ஸஃப்பைப் பிளப்பது எவருக்கும் தகாது.

இவ்வாண்டறிக்கையில் வரவு செலவுக் கணக்கு அச்சிடப்படுவதும் சம்பிரதாயத்துக்காக அன்று. உத்தரவு இல்லாத ஒரு கன்றைத் தொட மறுத்த ஸஹாபியின் அமானிதத்தை நம் அளவில் பின்பற்றும் முயற்சியே அது. ஆகவே ஜமாஅத்தார்கள் அதனை வாசித்து, ஐயமிருந்தால் கேட்க வேண்டும். கேட்பவரைப் பகைவராகக் கருதாமல் பதில் கூறுவது நிர்வாகத்தின் பொறுப்பு. அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள் கேட்டபோது அண்ணலார் சினம் கொள்ளவில்லை, நியாயம் வழங்கினார்கள்.

வல்ல ரஹ்மான் நம் ஜமாஅத்தை ஒருவருக்கொருவர் கட்டுப்பட்டு நடக்கும் ஜமாஅத்தாக ஆக்குவானாக! தூர தேசங்களில் இருக்கும் நம் பிள்ளைகளின் ஈமானையும் உடல்நலத்தையும் பாதுகாப்பானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.